வெட்டிப் பேச ஆளில்லை

அந்த வருஷம் மாநில விவாதப் போட்டிக்குத் தலைப்பு வைத்தவர்களுக்கு மூளை என்று ஒன்று இருந்ததா என்பதில் டெஸ்ஸா நோவாட்னிக்குப் பலத்த சந்தேகம். "இளைஞர்கள் நடத்தும் படுகொலைகளுக்குத் துப்பாக்கியைவிடத் தனிமையே பெரிய காரணம்" என்று அச்சடித்து நெப்ராஸ்கா மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பிவிட்டார்கள். காசு சுண்டிப் போட்டு, ஒட்டிப் பேசுவது யார், வெட்டிப் பேசுவது யார் என்று தீர்மானிப்பார்கள். பிள்ளைகள் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, செத்தவர்களைப் பற்றி ஆளுக்கு எட்டு நிமிஷம் பேச வேண்டும்.

டெஸ்ஸா படிக்கும் வில்லோ பெண்ட் பள்ளியும் போட்டிக்கு வருகிறது என்பது அச்சடித்த பிறகுதான் யாருக்கோ உறைத்திருக்கிறது. அடித்துப் பிடித்துப் போன் வந்தது. நீங்கள் விலகிக்கொண்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று ஒரு அம்மாள் குரல் தழுதழுக்கச் சொன்னாள். தலைமையாசிரியர் விலகிவிடலாம் என்றார். பயிற்சி ஆசிரியை மிஸ் ஹூபர், டெஸ்ஸாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

"தலைப்பு வெச்சவங்கள விலகச் சொல்லுங்க மிஸ். நாங்க வர்றோம்" என்றாள் டெஸ்ஸா.

முந்தின வருஷம் அக்டோபரில் டேன் கெஸ்லர் என்ற பதினேழு வயதுப் பையன் அவன் அப்பாவின் துப்பாக்கியை எடுத்துவந்து, வேதியியல் ஆசிரியர் ஒருவரையும் மாணவர்கள் இரண்டு பேரையும் கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போனான். அந்த இருவரில் ஒருத்தி ஹாலி. விவாத மேடையில் டெஸ்ஸாவின் ஜோடி. அவர்கள் செத்த நேரத்தில் டெஸ்ஸா பக்கத்து ஊர் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தாள். ஆனால் அதை யார் கேட்டார்கள்? வில்லோ பெண்ட் என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும், எதிரில் நிற்பவர் முகம் குழைந்துவிடும். கட்டிப்பிடிப்பார்கள். கடைக்காரர் காப்பிக்குக் காசு வாங்க மாட்டார். நான் அங்கே இல்லை என்று முதலில் சொல்லிப் பார்த்தாள். அதற்கு இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடித்தார்கள்.

அன்றைக்கு இருட்டுவதற்குள்ளேயே ஊரில் எல்லாருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. செத்தவர்கள் பெயர் முழுசாக வெளிவரவில்லை, அதற்குள் காரணம் வந்துவிட்டது. பள்ளியில் ஜெபத்தை நிறுத்தினதுதான் காரணம் என்றார் பாதிரியார். வீடியோ விளையாட்டு என்றார் மேயர். அவர் மகன் ராத்திரி பகலாக அதைத்தான் விளையாடிக்கொண்டிருந்தான். மருந்துக் கடைக்காரர் அம்மாக்கள் சரியில்லை என்றார். அம்மாக்கள் மருந்துக் கடைக்காரரைச் சொன்னார்கள். துப்பாக்கி விற்பவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, மனசுதான் காரணம், கெட்டுப்போன மனசு என்று சொல்லிவிட்டு அந்த வாரம் கூடுதலாக இரண்டு மணி நேரம் கடையைத் திறந்து வைத்திருந்தார். தொலைக்காட்சியில் ஒரு பேராசிரியர் வந்து தனிமை என்றார். அது எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. தனிமைக்கு ஊரில் உறவுக்காரர்கள் கிடையாது, கோபித்துக்கொள்ள யாரும் வர மாட்டார்கள்.

டெஸ்ஸாவுக்கு இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று வந்து சேர்ந்தது. அவள் என்ன சொன்னாலும் எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஹாலி இருந்தவரைக்கும் அப்படியில்லை. பள்ளிச் சாப்பாட்டில் சில்லி என்ற காரக் குழம்போடு இனிப்பு லவங்கப்பட்டை ரொட்டி வைப்பார்கள். அதைத் தொட்டுச் சாப்பிடுவதா, கடைசியில் தனியாகச் சாப்பிடுவதா என்று ஹாலி ஒரு மாசம் சண்டை போட்டவள். இப்போது டெஸ்ஸா வரலாற்று வகுப்பில் தேதியைத் தப்பாகச் சொன்னால்கூட வாத்தியார், "அப்படியும் பார்க்கலாம்" என்றார்.

போட்டி நடந்த கல்லூரிக்கு அவர்கள் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தார்கள். ஹாலியின் இடத்துக்கு வந்த புது ஜோடி கோல்பி ராஸ்முஸன். நல்ல பையன். பண்ணையில் வளர்ந்தவன், எதையும் நிதானமாக மென்றுதான் முழுங்குவான். முதல் சுற்றில் எதிர்த்தரப்புப் பையன் வாயைத் திறப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டான். கோல்பிதான் எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தான். நடுவர்கள் மூன்று பேரும் டெஸ்ஸாவின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்த சுற்றில் எதிரில் நின்ற பெண்கள், "உங்க வலிக்கு முன்னாடி எங்க வாதம் ரொம்பச் சின்னது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். மறுபடியும் மூன்று பேரும் அவள் பக்கம்தான்.

"நாம அவ்ளோ நல்லாவா பேசறோம்?" என்று கோல்பி கேட்டான்.

"நீ 'ஆகவே'ன்னு பதினஞ்சு தடவ சொன்னடா. எதுக்கும் ஆகவே இல்ல."

"அப்புறம் எப்படி ஜெயிக்கிறோம்?"

டெஸ்ஸாவுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது.

அரையிறுதியில் ஒட்டிப் பேசும் முறை வந்தது. நன்றாகவே தொடங்கினாள். நடுவில், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னாள்: "ஐஸ்கிரீம் வண்டி வருவது நின்றுபோன ஊர்களில் இப்படிப்பட்ட சம்பவங்கள் ஒன்பது மடங்கு அதிகம் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. மணிச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவருவது என்றைக்கு நின்றதோ, அன்றைக்கே நம் சமூகம் உடைந்துவிட்டது."

கோல்பிக்குத் தண்ணீர் புரையேறியது. எந்த ஆய்வு, எந்த ஊர், எத்தனை வண்டி என்று ஒரு ஆள் கேட்டிருக்க வேண்டும். எதிர்த்தரப்புப் பையன் எழுந்து, "அந்த ஐஸ்கிரீம் வண்டி விஷயம் எங்கள ரொம்ப யோசிக்க வெச்சிருச்சு" என்றான். ஒரு நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மூன்று பேரும் அவள் பக்கம்.

வராந்தாவில் மிஸ் ஹூபர் அவளை மடக்கினாள். "என்னடி அது ஐஸ்கிரீம் வண்டி?"

"ஆராய்ச்சி மிஸ்."

"எவன் பண்ணான்?"

"நான்தான். காலையில கழிப்பறையில."

மிஸ் ஹூபர் சுற்றும் முற்றும் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. ஹாலிக்கு முதன்முதலில் மேடையில் நிற்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். "இதோ பாரு, ஊருக்கு ஒரு நல்ல சேதி வேணும். ஜெயிச்சுட்டுப் போயிடலாம். பேசாம இரு" என்றாள்.

டெஸ்ஸாவுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. இறுதிச் சுற்றில் இமானி வருகிறாள். ஒமாஹா நகரத்துப் பணக்காரப் பள்ளி ஒன்றில் உதவித்தொகையில் படிப்பவள். அவளிடம் மாட்டிய பையன்கள் மேடையிலேயே வியர்த்துக் கொட்டியிருக்கிறார்கள். போன வருஷம் சரக்கு ரயில் கட்டணம் பற்றிய சுற்றில் டெஸ்ஸாவும் ஹாலியும் அவளிடம் தோற்றார்கள். "எதிர்த்தரப்பு வாதத்தில் பாராட்டத்தக்க ஒன்று உண்டு. அது சீக்கிரம் முடிந்துவிட்டது" என்று இமானி சொன்னதைக் கேட்டு ஹாலி அழுதேவிட்டாள். அப்புறம் வீடு திரும்பும் வழியெல்லாம் இரண்டு பேரும் இமானி மாதிரியே மூக்கை உயர்த்திப் பேசிப் பேசிச் சிரித்தார்கள். எப்படியும் இவள் விட மாட்டாள் என்று டெஸ்ஸா நினைத்தாள். பயமாகவும் இருந்தது. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அந்தப் பயம் அவளுக்குச் சுகமாக இருந்தது.

அரங்கம் நிறைந்திருந்தது. காசு மறுபடியும் ஒட்டிப் பேசும் பக்கமே விழுந்தது. டெஸ்ஸா பேசினாள். வேண்டுமென்றே ஐஸ்கிரீம் வண்டியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, ஒன்பது மடங்கைப் பன்னிரண்டாக ஏற்றினாள். எதிர் மேஜையில் இமானியின் பேனா சட்டென்று நின்றது. எழுதினதைச் சுற்றி வட்டம் போட்டாள். இன்னொரு வட்டம். காகிதம் கிழிந்துவிடும் போல அழுத்திப் போட்டாள். வா, வா என்று டெஸ்ஸா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கேள்வி கேட்கும் நேரம் வந்தது. இமானி எழுந்தாள். வாயைத் திறந்தாள். முதல் வரிசையில் அவளுடைய பயிற்சியாளர் வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். இமானி அவரைப் பார்த்தாள். வாயை மூடினாள்.

"எங்களிடம் கேள்வி எதுவும் இல்லை. வில்லோ பெண்ட் மக்களோடு நாங்கள் நிற்கிறோம் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம்" என்றாள். குரல் காய்ந்த ரொட்டி மாதிரி இருந்தது.

கைத்தட்டல் கூரையைத் தொட்டது. டெஸ்ஸாவுக்குக் காது சூடாகிவிட்டது. ஓங்கி அறைவான் என்று காத்துக்கொண்டிருக்கும்போது கன்னத்தைத் தடவிக்கொடுத்தால் எப்படி இருக்கும்!

தலைமை நடுவர் பிட்னர் ஓய்வுபெற்ற நீதிபதி. தீர்ப்பைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே கோப்பையை அவள் பக்கம் நீட்டிவிட்டார். கோப்பையைக் கையில் வாங்கிய டெஸ்ஸா ஒலிபெருக்கியை விட்டு நகரவில்லை.

"சார், ஒரு சந்தேகம். ஐஸ்கிரீம் வண்டிக் கணக்கு உங்களுக்கு எப்படிப் பட்டுது?"

"மனச உருக்கிடுச்சும்மா. நான் சின்னப் பையனா இருக்கும்போது எங்க தெருவுல..."

"அது பொய் சார். நானே இட்டுக்கட்டினது. அரையிறுதியில ஒன்பது சொன்னேன், இங்க பன்னெண்டு சொன்னேன். ஒருத்தருகூட ஏன்னு கேக்கல."

ஒரு நிமிஷம் டெஸ்ஸாவுக்கு நம்பிக்கை வந்தது. யாராவது திட்டுவார்கள், கோப்பையைப் பிடுங்குவார்கள். பின்வரிசையில் ஒரு பெண்மணி மெதுவாகக் கைதட்டத் தொடங்கினாள். பக்கத்து ஆள் சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு வரிசையாக எழுந்து நின்று தட்டினார்கள். சிலர் அழுதார்கள். மனநல ஆலோசகர் என்று ஊதா அட்டை குத்திய ஒரு அம்மாள் மேடையேறி வந்து அவள் தோளில் கை வைத்தாள்.

"உன் கோபம் நியாயமானது கண்ணு."

"ஐஸ்கிரீம் வண்டி?"

"அதுவும் நியாயம்தான்."

டெஸ்ஸா கோப்பையைக் கோல்பி கையில் திணித்துவிட்டு இறங்கி நடந்தாள்.

கல்லூரி உணவகத்தில் கூட்டமில்லை. ஒரு மூலையில் போய் உட்கார்ந்தாள். கோல்பி பின்னாலேயே வந்து, கோப்பையை மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, இரண்டு தட்டு வாங்கிவந்தான். பாதி சாப்பிட்டிருக்கும்போது, எதிரில் ஒரு தட்டு 'டங்'கென்று வந்து விழுந்தது. இமானி.

"உன்னால எனக்கு வாந்தி வருது. 'மக்களோடு நாங்கள் நிற்கிறோம்.' நான் சொன்னேன் அத! என் வாயால!"

"யார் சொல்லச் சொன்னா?"

"எங்க சார்தான். அந்தப் பொண்ண ஒரு கேள்வி கேட்டாலும் அணியில இருக்க மாட்டே, வீடியோவுல எப்படித் தெரியும்னு யோசிச்சுப் பாருன்னாரு."

"பயந்துட்ட."

"ஆமா, பயந்துட்டேன். உதவித்தொகையில படிக்கிறவ பயப்படாம என்ன செய்வா? உனக்கென்ன, நீ நாய் மாதிரிக் குரைச்சாக்கூட அவனுங்க கண்ணத் தொடச்சுக்குவானுங்க."

கோல்பி கரண்டியைக் கீழே வைத்தான். டெஸ்ஸா நாற்காலியை மேஜைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப்போட்டாள். "எத்தன கேள்வி வெச்சிருந்தே?"

"நாலு."

"கேளு."

"இப்பவா?"

"ஏன், சாருகிட்ட அனுமதி வாங்கணுமா?"

இமானி அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு கிழிந்துபோன காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தாள். "முதல்ல ஐஸ்கிரீம் வண்டி. எங்க தெருவுக்குத் தினம் வருது. போன கோடையில அது பக்கத்துலயே ஒருத்தனச் சுட்டாங்க. மணி அடிச்சுக்கிட்டே இருந்துது. அதுக்குக் காரணம் கண்டுபிடிக்க எந்தக் குழுவும் வரல. எந்தப் பேராசிரியரும் தனிமைன்னு சொல்லல. அது ஏன்?"

"அது எங்க தலைப்புல வராது."

"வராதா, வரவிடலையா?"

"சரி, வரவிடல. அடுத்தது."

"பொண்ணுங்களுக்குத் தனிமை இல்லையா? நான் மூணு வருஷமா அந்தப் பள்ளியில தனியாத்தான் சாப்பிடறேன். யாரச் சுட்டேன்?"

"எங்க வாதம் தனிமை ஒண்ணே போதும்னு சொல்லல. பெரிய காரணம்னுதான் சொல்லுது."

"வழுக்காத. முதியோர் இல்லத்துல இருக்கறவங்களவிடத் தனியா யாரு இருக்கா? அவங்க துப்பாக்கியத் தூக்கறாங்களா?"

"அவங்களுக்குக் கை நடுங்கும்" என்றான் கோல்பி.

"நீ வாய மூடு, ஆகவே" என்றாள் இமானி. டெஸ்ஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இமானி காகிதத்தைப் பார்த்தாள், நிமிர்ந்தாள். "கடைசிக் கேள்வி. உங்க பள்ளிக்கூடத்துப் பையன். அவன் தனியாளா?"

"அத விடு" என்று கோல்பி அவசரமாகச் சொன்னான்.

"அவ கேக்கட்டும்டா" என்றாள் டெஸ்ஸா. தட்டை ஓரமாகத் தள்ளினாள். இந்தக் கேள்வியை அதுவரை யாருமே அவளிடம் கேட்டதில்லை. தனியாள்தானே, பாவம், என்று சொல்லத்தான் வந்தார்கள். "இல்ல. அவன் என் பிறந்தநாளுக்கு வந்தான். ஸ்கேட்டிங் மைதானத்துல எல்லாரையும் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடினான். ரெண்டு துண்டு கேக்கு தின்னான். பேண்டு வாத்தியக் குழுவுல எனக்குப் பின்னாடிதான் உக்காந்திருப்பான், என் பென்சிலெல்லாம் அவன்கிட்டதான் இருக்கும். ஒரு பொண்ணு அவனுக்காக அழுதா. தனியாளெல்லாம் இல்ல."

"அப்ப நீ மேடையில பேசினது?"

"காசு அந்தப் பக்கம் விழுந்துது. பேசினேன்."

"அப்படின்னா நீ என் கட்சி. துப்பாக்கிதான் காரணம்."

"ஓஹோ, அவ்ளோ லேசா?" டெஸ்ஸா முன்னால் சாய்ந்தாள். "எங்க ஊர்ல எல்லா வீட்டுலயும் ஒரு துப்பாக்கி அலமாரி இருக்கு. எங்கப்பாகிட்ட இருக்கு. இவங்கப்பாகிட்ட மூணு இருக்கு. டேன் கெஸ்லர் வீட்டு அலமாரிச் சாவி எங்க தொங்கும்னு தெருவுக்கே தெரியும். அத்தன வீட்டுலயும் பையனுங்க இருக்கானுங்க. ஒருத்தன்தான் எடுத்தான். ஏன் அவன்? சொல்லு."

இமானி வாயைத் திறந்தாள். மூடினாள். இந்தத் தடவை தலையாட்ட எந்த சாரும் இல்லை.

"தெரியல" என்றாள் கடைசியில், எரிச்சலோடு. "ஆனா அந்த அலமாரியே இல்லாம இருந்திருந்தா?"

டெஸ்ஸா ரொட்டித் துண்டைப் பிய்த்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"இல்லாம இருந்திருந்தா ஹாலி இங்க உக்காந்து உன்ன உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா."

"யாரு ஹாலி?"

"போன வருஷம் அழ வெச்சியே, ரயில் கட்டணம். என் ஜோடி."

இமானியின் முகம் மாறியது. இதோ வரப்போகிறது என்று டெஸ்ஸா பல்லைக் கடித்துக்கொண்டாள். எழுந்து வந்து கட்டிப்பிடிப்பாள், எனக்குத் தெரியாதே என்பாள், இவளும் மற்றவர்களோடு சேர்ந்துவிடுவாள். இமானி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள்.

"நீலக் கோட்டு போட்டவதானே?" என்றாள். "கோதுமைக் கிடங்கு வெச்சு அவ சொன்ன ரெண்டாவது வாதம் நல்லாருந்துது. என்கிட்ட அதுக்குப் பதில் இல்ல. அதனாலதான் நக்கலடிச்சுத் தப்பிச்சேன். முதல் வாதம் குப்பை."

"முதல் வாதம் நான் எழுதினது" என்றாள் டெஸ்ஸா.

"அதான் பாத்தேன்."

டெஸ்ஸா சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே வேறு எதுவோ ஆகிவிட்டது. மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. கோல்பி கையை நீட்டினான், எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப எடுத்துக்கொண்டான். இமானி ஒன்றும் செய்யவில்லை. தன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பஸ் கிளம்பும் முன் டெஸ்ஸா கோப்பையை அவளிடம் நீட்டினாள்.

"பிச்சக் கோப்பைய நான் எதுக்கு வாங்கணும்? நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு இமானி போனாள்.

போட்டிக் குழு கூடி ஆலோசித்து, சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு வெற்றி செல்லும் என்று அறிவித்தது. இட்டுக்கட்டிய ஆய்வைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகை "துயரத்தை வென்ற குரல்" என்று படம் போட்டது. கோப்பை கோல்பியின் வீட்டு வரவேற்பறைக்குப் போயிற்று. அவன் அம்மா அதற்குள் பிளாஸ்டிக் சூரியகாந்தி வைத்தாள்.

அப்புறம் ஏதோ ஒரு அறக்கட்டளையிலிருந்து போன். இளைஞர் வன்முறையின் சமூகக் காரணங்களை ஆராயக் குழு அமைக்கிறார்களாம், அதில் டெஸ்ஸா இருக்க வேண்டுமாம்.

"நான் சொல்றத அங்க யாராவது மறுத்துப் பேசுவாங்களா?"

"ஐயோ, மாட்டவே மாட்டாங்கம்மா" என்று போன் செய்த அம்மாள் பதறினாள்.

"அப்படின்னா ஒமாஹாவுல இமானின்னு ஒரு பொண்ணு இருக்கா, அவளக் கூப்பிடுங்க. நான் வர்றேன்."

"அந்த ஊர்ல சம்பவம் எதுவும் நடக்கலையேம்மா" என்றாள் அம்மாள்.

டெஸ்ஸா போகவில்லை. கோல்பிதான் மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டுப் போனான். காரணம் என்ன என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வார்களாம் என்று வந்து சொன்னான். வான்கோழி கொஞ்சம் காய்ந்துபோய் இருந்ததாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இமானி போன் செய்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஏன் அவன்னு கேட்டியே, பதில் வெச்சிருக்கேன்" என்று தொடங்கி மூச்சு விடாமல் பேசினாள். டெஸ்ஸா துவைத்த துணியை மடித்துக்கொண்டே முழுசாகக் கேட்டாள்.

"தப்பு" என்றாள்.

"எங்க தப்பு?"

"ஆரம்பத்துலயே தப்பு. நீ முடிவ மொதல்ல எடுத்துக்கிட்டுக் காரணத்தத் தேடறே. எங்க மேயர் மாதிரி."

"என்ன மேயர்னு சொன்னே?"

அங்கே குரல் ஏறியது. இங்கேயும் ஏறியது. கீழே சமையலறையில் இருந்த அவள் அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதறி மாடிக்கு ஓடிவந்தாள். கதவைத் திறந்தால், மகள் ஒரு கையில் அப்பாவின் காலுறையோடு அறைக்கு நடுவில் நின்றுகொண்டு, "அதுக்கு ஆதாரம் என்ன? ஆதாரம் காட்டுடீ!" என்று கத்திக்கொண்டிருந்தாள். யாரோடு இந்தச் சண்டை என்று அம்மா சைகையில் கேட்டாள். டெஸ்ஸா கையை ஆட்டி, போம்மா, அப்புறம் என்றாள்.